போயிட்டு வந்த தக்காளி

தக்காளி திரும்பி வந்துவிட்டது என்ற செய்தியை முதலில் யாரும் நம்பவில்லை. தக்காளி நசுங்கும், அழுகும், விலை போகாமல் சாலையோரம் கொட்டப்படும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை இதையெல்லாம் எத்தனையோ தடவை பார்த்துவிட்டது. ஆனால் அசாமில் இருக்கும் கவுகாத்தி வரைக்கும் போய், அங்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாடாமல் வதங்காமல் தானாகவே ஊர் திரும்பிய தக்காளியை அது பார்த்ததில்லை.

ஓட்டுநர் இல்லாத லாரி மண்டி வாசலில் பின்பக்கமாக வந்து நின்றது. கதவு கீழே சாய்ந்து பலகையானது. நீல நிறப் பெட்டிகள் குட்டைக் கால்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றாக இறங்கின. சாவகாசமாக உள்ளே வந்து, புறப்பட்ட அதே இடத்தில் அதே ஒழுங்கில் நின்றன. பிறகு எல்லா மூடிகளும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. உள்ளே தக்காளி, செக்கச்செவேல் என்று, இப்போதுதான் செடியிலிருந்து பறித்ததுபோல.

மண்டியின் சொந்தக்காரர் லக்ஷிதா அக்கா. லக்ஷிதா, தர்ஷன், ரோஷன் என்பவையெல்லாம் நரைத்த தலைக்காரர்களின் பெயர்களாகிவிட்ட காலம் அது. அக்கா ஒரு தக்காளியை எடுத்து அழுத்திப் பார்த்து, முந்தானையில் துடைத்து, ஒரு கடி கடித்தார். சாறு முழங்கை வரை வழிந்தது.

"காய் அருமையா இருக்குது கண்ணு. ஆனா இத நாம திங்கறதுக்கா அனுப்புனோம்?" என்றார்.

கேள்வி சஷ்டிகாவுக்கு. அந்தப் பெட்டிகளைச் செய்தவள் அவள்தான். கவுகாத்தி வியாபாரி பிபுல் சைகியாவிடமிருந்து அவளுக்குச் சில நாள் முன்பே ஒரு செய்தி வந்திருந்தது. அவர் அசாமியில் சொல்ல, அவருடைய தொலைபேசி அதைத் தமிழாக்கி அனுப்பியிருந்தது: "பெருமதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் பேழைகள் இன்று என் கடைக்கு எழுந்தருளின. சிறிது நேரம் நின்றன. மூடியைத் திறக்க முயன்றோம், அவை இசையவில்லை. பின்னர் ஒழுங்காகத் திரும்பி, தாம் வந்த வாகனத்திலேயே ஏறிச் சென்றன. என் பணியாளர் இருவர் துரத்திச் சென்றும் பயனில்லை. நான் தங்களை ஏதேனும் புண்படுத்தினேனா?"

சஷ்டிகா அதை மொழிபெயர்ப்புக் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். திரையில் லாரியின் புள்ளி தெற்கு நோக்கி நகர்வதைப் பார்த்து, அதையும் கருவிக் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். கோளாறு எங்கேயும் இல்லை என்பது இப்போது கண்ணெதிரே வரிசையாக நின்றது.

காய்கறி வியாபாரிகள் சங்கத் தலைவர் ரோஷன் வந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சிரித்தார். தக்காளிக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்திருப்பதாகச் சொல்லியிருந்தால் தானும் கூடப் போயிருப்பேனே என்றார். பிறகு சங்கத்தின் முடிவை நினைவுபடுத்தினார். சஷ்டிகாவுக்கு மூன்று லோடு வாய்ப்பு. மூன்றில் ஒன்றாவது கவுகாத்திக்காரர் கைக்குப் போகவேண்டும். இல்லையென்றால் சந்தை பழைய மரப்பெட்டிக்கும் வைக்கோலுக்கும் திரும்பிவிடும். அவள் பட்டறை வைத்திருக்கும் கொட்டகை பூண்டு மூட்டைக்குப் போய்விடும். நீலப் பெட்டிகளின் காலை வெட்டிவிட்டு, டீக்கடைகளுக்கு உட்காரும் மேடையாகக் கொடுத்துவிடலாம்.

கொட்டகை லக்ஷிதா அக்காவுடையது. மற்ற வியாபாரிகள் அத்தனை பேரும் வேண்டாம் என்றபோது அக்கா ஒருத்திதான் அதைத் திறந்துவிட்டார். பெட்டி தோற்றால் சஷ்டிகா ஊரைவிட்டுப் போய்விடலாம். அக்கா இதே சந்தையில்தான் இத்தனை பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பெட்டி செய்யும் வேலையை அக்காவுக்கு விளக்கிய நாள் சஷ்டிகாவுக்கு நன்றாக நினைவிருந்தது. தக்காளி பறித்த பிறகும் மூச்சு விடும் என்று அவள் ஆரம்பித்ததும், அக்கா கையிலிருந்த தக்காளியைக் கொஞ்சம் மரியாதையோடு கீழே வைத்தார்.

"ஆமாங்க்கா. நம்மள மாதிரியேதான். மூச்சு விட்டா உள்ள இருக்கற சக்கரை செலவாகும், சூடு வரும், வேர்க்கும். அந்த வேர்வையிலதான் பூஞ்சை புடிக்குது. அது மட்டுமில்ல, பழுத்த தக்காளி ஒரு வாயுவ விடும். அது பக்கத்துல இருக்கறதுக்குப் போயி, 'நான் பழுத்தாச்சு, நீ இன்னுமா பழுக்கல'ன்னு கேக்கும். அது ரோசப்பட்டு பழுக்கும். அது அடுத்ததுகிட்ட சொல்லும். மூடுன லாரிக்குள்ள இதே பேச்சா ஓடி, நாக்பூர் தாண்டறதுக்குள்ள பாதி லோடு சட்டினி."

"நம்ம தெருவு மாதிரின்னு சொல்லு" என்றார் அக்கா.

ஆகவே பெட்டிக்கு மூன்று வேலை. சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட ஒரு தாள் இருந்தது. தக்காளி விட்ட மூச்சை அது வெளியே அனுப்பி, உயிர்க்காற்றை அளந்து அளந்து உள்ளே விடும். காற்று குறைந்தால் தக்காளி அரைத் தூக்கத்துக்குப் போய்விடும். மூலையில் ஊதா நிற மணிகள் நிறைந்த ஒரு பொட்டலம் பழுக்கவைக்கும் அந்த வாயுவைத் தின்றுவிடும், வம்பு பரவாது. அடியில் குழிக்குக் குழி தாங்கும் மெத்தை. குளிர்ச்சியும் உண்டு, ஆனால் அதிகமில்லை. ரொம்பக் குளிர்ந்தால் தக்காளி பார்வைக்குத் தக்காளியாகவும் வாய்க்கு ஈரத் துணியாகவும் ஆகிவிடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்ய, பயணம் எவ்வளவு தூரம் என்று பெட்டிக்குத் தெரிய வேண்டும். ரொம்ப நேரம் ஆழமாகத் தூங்கவைத்தால் தக்காளி உள்ளுக்குள்ளேயே புளித்துச் சாராய வாடை அடிக்கும். ஊர் நெருங்கும்போது மெல்ல எழுப்பி, மூடி திறக்கும் நேரத்தில் சரியாகச் சிவக்கவைக்க வேண்டும். தூரத்தை யார் சொல்வது? முதலில் பொத்தான் வைத்தாள். தக்காளிச் சாறு பட்டுப் பொத்தான்கள் ஒரு வாரத்தில் செத்தன. அதனால் காது வைத்தாள். இந்திய மொழிகள் எல்லாவற்றையும் லட்சக்கணக்கான மணி நேரம் கேட்டுப் பழகிய ஒரு மூளையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். ஊர்ப்பெயரைச் சொல்லி அனுப்பினால் போதும், லாரிக்கும் பெட்டியே வழி சொல்லிவிடும். மூடி மூடுவதற்கு முன் கடைசியாகக் காதில் விழும் வார்த்தைதான் உத்தரவு. மூடிய பிறகு யார் என்ன சொன்னாலும் அது கேட்காது. வழியில் எவனாவது திருடன் 'இறங்கு' என்றால் இறங்கிவிடக் கூடாதே.

இவ்வளவு யோசித்துச் செய்த பெட்டி ஏன் திரும்பி வந்தது?

சஷ்டிகா ஒரு பெட்டியின் வயிற்றுக்கு அடியில் கைவிட்டு, அது கடைசியாகக் கேட்ட உத்தரவை ஒலிக்கவைத்தாள். மண்டியின் லோடுமேன் மேஸ்திரி தர்ஷன் அண்ணனின் குரல் கணீரென்று வந்தது.

"கவுகாத்தி. நல்லபடியா போயிட்டு வாங்க சாமிகளா."

தர்ஷன் அண்ணன் தன் குரலைத் தானே கேட்டு, அதில் என்ன தப்பு என்று புரியாமல் நின்றார். சஷ்டிகா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போய்விட்டு வா என்றார், போய்விட்டு வந்தது. பெட்டியைப் பொறுத்தவரை பயணத்தின் முடிவு கவுகாத்தி இல்லை, ஒட்டன்சத்திரம். அதனால்தான் அங்கே மூடியைத் திறக்கவில்லை. அதனால்தான் இங்கே வந்ததும் இவ்வளவு அழகாகச் சிவந்திருக்கிறது. பெட்டி ஒரு தவறும் செய்யவில்லை.

சோதனையில் ஏன் தெரியவில்லை என்பதும் அவளுக்குப் புரிந்தது. பட்டறையிலிருந்து அவள் பெட்டிகளைச் சேலத்துக்கும் ஓசூருக்கும் அனுப்பிய ஒவ்வொரு தடவையும், அவளும்தான் 'போயிட்டு வா' என்றாள். அவை போய்விட்டு வந்தன. சோதனைப் பெட்டி பட்டறைக்குத் திரும்பத்தானே வேண்டும்? ஒவ்வொரு தடவையும் அவள் கைதட்டி, பட்டறையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்திருக்கிறாள்.

தீர்வு சுலபம் என்று தோன்றியது. 'வா'வை விட்டுவிட்டு 'கவுகாத்திக்குப் போ' என்று சொன்னால் தீர்ந்தது.

தர்ஷன் அண்ணன் தலையை ஆட்டினார். மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சந்தையில் வேறு யாரையாவது சொல்லச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னார். சந்தையில் வேறு யாரும் சொல்ல முன்வரவில்லை. லோடுமேன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லக்ஷிதா அக்கா, வெள்ளிக்கிழமை காலையில் முதல் லோடைப் பார்த்து எவளாவது 'போ' என்பாளா என்று கேட்டார். சனிக்கிழமை சொல்லலாமா என்று சஷ்டிகா கேட்டதற்கு அக்கா ஒரு முறை முறைத்துவிட்டுத் தராசுப் பக்கம் போய்விட்டார்.

சஷ்டிகாவுக்குக் கோபம் வந்தது. தக்காளிக்கு இதெல்லாம் தெரியாது, பெட்டிக்கும் தெரியாது, இது வெறும் இயந்திரத்துக்குச் சொல்லும் ஒரு வார்த்தை என்று தர்ஷன் அண்ணனிடம் விளக்கினாள். அவர் கடைசிவரை கேட்டார். அவர் பழைய லாரி ஓட்டுநர். லாரிகள் தாங்களாக ஓடக் கற்றுக்கொண்ட பிறகு மூட்டை தூக்க வந்தவர்.

"அம்மணி, முப்பது வருசம் நான் இந்தச் சந்தையில இருந்து லோடு ஓட்டிருக்கேன். காஷ்மீர் வரைக்கும். ஒருநா கூட ஒருத்தரும் என்னையப் பாத்துப் 'போ'ன்னு சொன்னதில்லீங்க. 'போயிட்டு வா தர்ஷா'ம்பாங்க. நானும் வந்துட்டேன். இப்ப வண்டில ஆளே இல்ல. நான் யாரைப் பாத்துச் சொல்றது? பொட்டியப் பாத்துத்தான் சொல்லோணும். வாய் பழகிப் போச்சுங்க."

சஷ்டிகாவுக்கு இப்போதுதான் புரிந்தது. அந்த வார்த்தை எந்தக் காலத்திலும் சரக்குக்குச் சொன்னதில்லை, ஓட்டுகிற ஆளுக்குச் சொன்னது. ஆளை எடுத்துவிட்டார்கள். வார்த்தை மட்டும் போக இடமில்லாமல் வாசலிலேயே நின்றிருந்திருக்கிறது. கடைசியில் அது தக்காளியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

இருந்தாலும் இரண்டாவது லோடு போயாக வேண்டும். சரி, நானே சொல்கிறேன் என்றாள் அவள். படித்தவள், பொறியாளர், இப்படி ஒரு நம்பிக்கையும் இல்லாதவள். பெட்டிகள் நிரம்பின. மூடிகள் பாதி சாய்ந்து காத்திருந்தன. சந்தையே கூடிவிட்டது. சஷ்டிகா முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினாள்.

"கவுகாத்திக்குப் போ..."

அடுத்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. எதிரே அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிகள் வேறு, குழந்தைகள் மாதிரி முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. நாக்கு தானாகவே புரண்டது.

"...யிட்டு வாங்க."

மூடிகள் டொப்பென்று மூடின. அவள் 'இல்லை இல்லை' என்று கத்தியதை எந்தப் பெட்டியும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று செய்தவள் அவள்தானே. லாரி புறப்பட்டுப் போயிற்று. சந்தை கலைந்தபோது, அவளைத் திட்டுவதற்குப் பதில் எல்லோரும் அவளைக் கொஞ்சம் பாசமாகப் பார்த்ததுதான் அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

இரண்டாவது லோடும் போய்விட்டு வந்தது. இந்த முறை சைகியா தன் கடை வாசலில் மாலையோடு காத்திருந்திருக்கிறார். "பேழைகள் மாலையை ஏற்றன, மூடியைத் திறக்கவில்லை" என்று எழுதியிருந்தார். ஒரு பெட்டி வாடிய சாமந்தி மாலையோடுதான் இறங்கியது.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. கவுகாத்தியில் காமாக்யா அம்மன் கோயில் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாலையும் சேர்ந்துகொள்ளவே, கோயிலுக்குப் போய்வந்த தக்காளி என்று பேச்சு கிளம்பியது. பழனிக்குப் போகும் பக்தர்கள் வண்டியை நிறுத்தி ஆளுக்கு ஒரு கிலோ வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எதிர்க்கடை முருங்கைக்காய் வியாபாரி, தன் காயையும் ஒரு நடை அனுப்பிவைக்க முடியுமா, பிள்ளையில்லாதவர்கள் வாங்குவார்கள் என்று சஷ்டிகாவிடம் ரகசியமாகக் கேட்டார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கடைக்குள் போய்விட்டார்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு லோடு.

பெட்டியின் மூளையைத் திறந்து இந்த ஒரு சொல்லைத் திருத்திவிட முடியாதா என்று ரோஷன் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான், சஷ்டிகாவும் பொறுமையாகவே விளக்கினாள். அந்த மூளைக்குள் சட்டப் புத்தகம் மாதிரி ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. அது கேட்டுக் கேட்டுப் பழகியது. குழந்தை பேசக் கற்றுக்கொள்வதுபோலத்தான். குழந்தையின் தலைக்குள் கைவிட்டு ஒரு வார்த்தையை மட்டும் பிடுங்க முடியாது. மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும், அதற்குப் பல மாதங்கள் ஆகும். சங்கம் அதுவரை பொறுக்காது.

இயந்திரத்தை விட்டே சொல்லவைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. இயந்திரத்துக்கு வெள்ளிக்கிழமையும் கிடையாது, சகுனமும் கிடையாது. மொழிபெயர்ப்புக் கருவியை எடுத்து, 'செல்' என்று பொருள்படும் சொல்லை ஆங்கிலத்தில் கொடுத்து, வழியனுப்பும் முறையில் தமிழில் சொல்லச் சொன்னாள். நல்லவேளையாகக் காலிப் பெட்டியிடம்தான் சோதித்தாள். கருவி கம்பீரமாகச் சொன்னது: "சென்று வருக."

காலிப் பெட்டி எழுந்து வெளியே போய், தெருமுனை வரை நடந்து, திரும்பி வந்து உட்கார்ந்தது.

கடைசியில் அவளுக்கு ஒரு சரியான சொல் கிடைத்தது. போக வேண்டும், சேர வேண்டும், திரும்பக் கூடாது. பொருளும் துல்லியம், இலக்கணமும் துல்லியம். இந்தச் சொல் இத்தனை நாள் எப்படித் தோன்றாமல் போயிற்று என்று வியந்துகொண்டே, மூன்றாவது லோடு நிரம்பியதும் முன்னால் போய் நின்றாள். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது வாயைப் பொத்தியிருப்பார்கள்.

"கவுகாத்திக்குப் போய்ச் சேரு" என்றாள் தெளிவாக.

லக்ஷிதா அக்கா காதைப் பொத்திக்கொண்டார். லோடுமேன்களில் ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டைத் தன்னையறியாமல் அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் சஷ்டிகாவுக்கும் தான் சொன்னது காதில் விழுந்தது.

பெட்டிகளும் கேட்டன. அவை லட்சக்கணக்கான மணி நேரம் தமிழ் கேட்டு வளர்ந்தவை. அந்த மணி நேரங்களில் எத்தனை தொலைபேசிப் பேச்சு, எத்தனை துக்கம் விசாரிப்பு. யார் யார் எப்போது போய்ச் சேர்ந்தார்கள் என்பது அவற்றுக்கு நன்றாகத் தெரியும். மூடிகள் ஓசையில்லாமல் சாய்ந்தன. பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. குட்டைக் கால்கள் மடங்கின. குளிர்விக்கும் விசிறிகள் ஒரு பெருமூச்சு விட்டு நின்றன. வரிசையாக, இருட்டாக, அசையாமல் கிடந்த அந்தப் பெட்டிகளைச் சுற்றி எல்லோரும் கூடி நின்றார்கள்.

"எல்லாத்துக்கும் சேத்து ஒரே மாலையாப் போட்டுரலாமுங்களா?" என்று ரோஷன் கேட்டார்.

சஷ்டிகாவுக்கு அழக்கூட நேரமில்லை. காற்றும் குளிர்ச்சியும் நின்ற பெட்டிக்குள் தக்காளி விழித்துக்கொள்ளும். மூச்சு விடும், சூடாகும், வேர்க்கும். வெளியே சித்திரை வெயில். ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக் கவிழ்க்காமல் சாய்த்து, அடிவயிற்றில் இருக்கும் விசையை அழுத்தினால்தான் உயிர் வரும். லோடுமேன்கள் குனிந்தார்கள். தர்ஷன் அண்ணன் ஒரு பக்கம் பிடித்தார், ரோஷன்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். கடைசிப் பெட்டிக்கு உயிர் வந்தபோது எல்லோருடைய சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது. முதல் பெட்டியில் சஷ்டிகா கைவைத்துப் பார்த்தாள். தக்காளி வெதுவெதுப்பாக இருந்தது. தோலில் மெல்லிய ஈரம். இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே நின்றால், கவுகாத்திக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான்.

மூடிகள் பாதி சாய்ந்து, பச்சை விளக்கு மினுங்க, உத்தரவுக்காகக் காத்திருந்தன. சஷ்டிகா வாயைத் திறந்தாள். 'போ' வரவில்லை. இப்போது சகுனத்துக்காக இல்லை. சற்றுமுன் அவற்றைக் கொன்று எழுப்பிய வாய் அது.

லக்ஷிதா அக்காவால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இத்தனை வருஷம் கொட்டகையைக் கொடுத்து, சந்தை முழுக்கக் கேலி கேட்டு, இந்த வெயிலில் இந்தச் சாவையும் பார்த்தாயிற்று. ஊரை ஏமாற்றிவிட்டு ஓடிப்போகிறவனைப் பார்த்துச் சொல்வோமே, வயிறெரிந்து, ஆனாலும் சாபம் விட மனம் வராமல், அந்தக் குரலில் அவர் முன்னால் நின்ற பெட்டியைக் கையால் தள்ளினார்.

"கவுகாத்தியோ எந்த ஊரோ. எங்கயாச்சும் நல்லா இரு சாமி."

டொப்.

எல்லா மூடிகளும் மூடின. பெட்டிகள் எழுந்தன, திரும்பின, சாய்பலகையில் ஏறின. லாரிக் கதவு மூடியது. லாரி வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் சஷ்டிகாவுக்கு உறைத்தது. 'இரு' என்றால் வாழ். 'இரு' என்றால் அங்கேயே தங்கு. 'நல்லா' என்றால் உள்ளே உள்ளதும் நன்றாக இருக்கட்டும். இதைவிடச் சுருக்கமாக ஒரு பெட்டிக்கு உத்தரவு எழுத அவளால் முடியாது. அக்காவிடம் அதை விளக்கினாள். அக்கா, தான் திட்டியதாக அல்லவா நினைத்தேன் என்றார்.

அந்தப் பயணம் முழுவதும் சஷ்டிகா திரையிலிருந்த புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புள்ளி வடக்கே போயிற்று, கிழக்கே திரும்பியது, கவுகாத்தியில் நின்றது. நின்றது நின்றதுதான். பிறகு சைகியாவின் செய்தி வந்தது: "பெருமதிப்பிற்குரிய அம்மையீர், பேழைகள் வந்தன. மூடிகள் தாமே திறந்தன. கனிகள் செம்மையாகவும் உறுதியாகவும் உள்ளன. ஓரிரண்டில் மட்டும் சற்று வியர்வைத் தடம். என் கண்களில் நீர். நான் புண்படுத்தவில்லை என்பதை இப்போது அறிகிறேன்."

ரோஷன் அதை இரண்டு தடவை படித்தார். வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான் என்று சொல்லிவிட்டு, பூண்டு மூட்டைகளுக்கு வேறு இடம் பார்க்கப் போனார். சந்தையில் மற்ற மண்டிக்காரர்கள் வரிசையாக வந்து தங்களுக்கும் பெட்டி வேண்டும் என்றார்கள். வெண்டைக்காய்க்கு ஆகுமா, கறிவேப்பிலைக்கு ஆகுமா என்று கேட்டார்கள். சஷ்டிகா சந்தோஷமாகத் தலையாட்டி, ஒவ்வொரு காயும் எப்படி மூச்சு விடுகிறது என்று அவர்களுக்கு விளக்க ஆரம்பித்தாள். முதல் மூன்று பேர் நின்று கேட்டார்கள்.

அதற்கடுத்துத்தான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அடுத்த லோடை ஏற்றப் பெட்டி இல்லை. எல்லாம் கவுகாத்தியில் நன்றாக இருக்கின்றன. காலிப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவைக்கச் சொல்லி சைகியாவுக்குச் செய்தி அனுப்பினாள். எந்த மொழியில் சொன்னாலும் பெட்டிக்குப் புரியும், ஊர்ப்பெயரைச் சொல்லி உங்கள் வழக்கப்படி வழியனுப்பிவிடுங்கள், போதும் என்று எழுதினாள்.

பதில் வர ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. அவள் அதை மண்டியில் வைத்து, அக்காவும் தர்ஷன் அண்ணனும் கேட்க வாசித்தாள்.

"பெருமதிப்பிற்குரிய அம்மையீர், பேழைகளை வெறுமையாக அனுப்ப மனமின்றி எங்கள் ஊர் ஆரஞ்சுகளை நிரப்பினேன். தங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னேன், அது என் வாயில் சரியாக வரவில்லை. பின்னர் எங்கள் வழக்கப்படி வழியனுப்பினேன். எம் மொழியில் பிரிபவரைப் பார்த்துப் 'போ' என்பது தகாது. 'வா' என்றே சொல்வோம். அன்று முதல் பேழைகள் என்னைப் பின்தொடர்கின்றன. நேற்று மீன் சந்தைக்கு வந்தன. இன்று என் மைத்துனர் வீட்டுத் திருமணத்துக்கு வந்து முன்வரிசையில் நின்றன. குளியலறை வாசலிலும் நிற்கின்றன. என் மனைவி இதை விரும்பவில்லை. தாங்கள் ஏதேனும் ஒரு சொல் கூறியருள வேண்டும்."

சஷ்டிகா தலையில் கைவைத்துக்கொண்டாள். தர்ஷன் அண்ணன் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார். லக்ஷிதா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஊர்லயும் போன்னு சொல்ல மாட்டாங்களா கண்ணு?"

"மாட்டாங்களாமுங்க்கா."

அக்கா எழுந்து இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டார்.

"அப்ப நம்ம சனம்தான். பழைய மரப்பொட்டில போட்டாச்சும் அடுத்த லோட ஏத்தச் சொல்லு."